எல்லோரும் எடுக்கும் வீரரை நாமும் எடுப்பதா? – ஃபேன்டசி கோல்ஃப் கேள்வி பதில்

சேலத்திலும் ஏற்காட்டிலுமாக நாங்கள் 16 பேர், நிஜ வீரர்களைத் தேர்ந்து கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்துக்கேற்பப் புள்ளி பெறும் கிரிக்கெட் ஃபேன்டசியில் பழகிய கையோடு, அமெரிக்காவின் பிஜிஏ டூர் கோல்ஃப் போட்டிகளுக்கும் வாராவாரம் அணி அமைத்து வருகிறோம். இணையவழிப் பண விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டதால் இதில் காசுக்கு இடமில்லை. வென்றவருக்குத் தட்டுவடை செட் வாங்கித் தருவதோடு சரி. விதிமுறை அமெரிக்காவில் பரவலாக உள்ளதுதான்: ‘சம்பளம்’ எனப்படும் கற்பனை விலைகளின் கூட்டு 50,000 வரம்பைத் தாண்டாமல் ஆறு வீரர்கள், ஈகிளுக்கு 8 புள்ளி, பேர்டிக்கு 3, பாருக்கு அரை, போகிக்கு அரைப் புள்ளி கழிவு, இறுதியில் பிடிக்கும் இடத்துக்குத் தனிப் புள்ளிகள். (ஒரு குழிக்கு வகுத்த அடி எண்ணிக்கையில் முடித்தால் பார்; ஓர் அடி குறைந்தால் பேர்டி, இரண்டு குறைந்தால் ஈகிள், ஒன்று கூடினால் போகி.) கணக்கு வழக்கில் எனக்கு ஈடுபாடு அதிகம் என்பதால், புதிதாகச் சேர விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அஸ்தம்பட்டி வங்கி ஊழியர்: ஐயா, ஸ்காட்டி ஷெஃப்லரை எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் எடுத்தால் என்ன பயன்? எடுக்காமல் விட்டால் பயமாகவும் இருக்கிறதே?

இந்த இரண்டு உணர்வுகளுமே சரியானவை. ஆனால் இரண்டையும் வைத்து அணி அமைக்க முடியாது. சின்னப்பம்பட்டி நடராஜன் பந்து வீசும் நாளில் நம் ஊர்க்காரர் எவரும் அவரை விடுவதில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அவர் மூன்று விக்கெட் எடுத்தால் எல்லோருக்கும் ஏறும். ஆகவே நம்மிடையே யாரும் முந்துவதில்லை. 100 அணிகளில் 40 அணிகள் ஷெஃப்லரை வைத்திருக்கின்றன என்று கொள்வோம். அவர் கோப்பையை வென்றால் நீங்கள் 60 அணிகளைத்தான் பின்தள்ளுகிறீர்கள். மற்ற 39 அணிகளோடு மீதி ஐந்து வீரர்களை வைத்தே மோத வேண்டும். அவர் சோபிக்காவிட்டால், அவரை விட்டவர்கள் ஒரே வீச்சில் 40 அணிகளைத் தாண்டிவிடுகிறார்கள். எனவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது “அவர் நல்ல வீரரா?” என்பதன்று. அதில் ஐயமே இல்லை: 2022, 2024 ஆகிய இரு ஆண்டுகளின் மாஸ்டர்ஸ், 2025இல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் பிரிட்டிஷ் ஓப்பனும் அவர் வென்றவை. “முதலிடம் பிடிக்கப்போகும் அணியில் அவர் இருப்பதற்கான வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கு மேலா, கீழா?” என்பதுதான் கேள்வி. மேல் என்று தோன்றினால், எத்தனை பேர் எடுத்திருந்தாலும் எடுங்கள். கீழ் என்றால் விடுங்கள்.

இதில் அவருடைய விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கே 12,000 கொடுத்துவிட்டால், மீதி ஐவருக்கும் சராசரியாக 7,600தான் மிஞ்சும். அந்த விலையில் நீங்கள் நம்பும் ஐந்து பேர் இருக்கிறார்களா என்று முதலில் எழுதிப் பாருங்கள். பலரும் ஷெஃப்லரை எழுதிவிட்டுத்தான் மீதியைத் தேடுகிறார்கள். நான் கீழிருந்து மேலே வருகிறேன்.

ஏற்காடு காபித் தோட்டக் கணக்கர்: நம் குழுவில் 16 பேர்தானே? இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டாம். 16 பேரில் முந்த நல்ல அணி போதும். ஆயிரக்கணக்கானோர் சேரும் இலவசப் போட்டியில்தான் நல்ல அணியோடு பிறரிடம் இல்லாத அணியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் மட்டும் மோதும் ஆட்டத்தில் பிரபலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சூரமங்கலம் கல்லூரி மாணவி: ‘கட்’டை, அதாவது இரண்டு நாள் முடிவில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் எல்லையை, தாண்டுவார்கள் என்று உறுதியாகத் தெரிகிற ஆறு பேரை எடுத்தால் போதாதா, ஐயா?

உறுதி என்று ஒன்று கோல்ஃபில் கிடையாது, அம்மா. பிஜிஏ டூரின் வழக்கமான போட்டிகளில் 36 குழிகள் முடிந்ததும் முதல் 65 இடங்களில் உள்ளவர்களும், அதே எண்ணிக்கையில் சமநிலையில் நிற்பவர்களும் மட்டுமே வார இறுதியில் ஆடுவார்கள். மாஸ்டர்ஸில் அது முதல் 50. ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு வாய்ப்பு என்று வைத்து, ஒருவருடைய ஆட்டம் இன்னொருவரைச் சாராது என்றும் கொண்டால், ஆறு பேரும் தேறுவதற்கான வாய்ப்பு 12 விழுக்காட்டைக்கூட எட்டாது. 80 என்று கொண்டாலும் 26தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பார் அடிப்பவர் பெறுவது ஒரு புள்ளி. ஒரு பேர்டியும் ஒரு போகியும் அடிப்பவர் பெறுவது இரண்டரை. ஸ்கோர் அட்டையில் இருவரும் சமம், நம் கணக்கில் சமமல்லர். கட்டைத் தாண்டி 50ஆம் இடத்தில் அமைதியாக முடிப்பவரைப் “பாதுகாப்பானவர்” என்று கூட்டம் எடுக்கும். ஆயிரக்கணக்கானோர் சேரும் போட்டியில் அவரால் பயன் குறைவு. ஏறி இறங்கி ஆடுபவரைக் கூட்டம் அஞ்சி விடும். அவரிடம்தான் நமக்கு வேலை.

செவ்வாய்ப்பேட்டை வணிகர்: அக்ஷய் பாட்டியா, சாஹித் தீகாலா போன்ற நம் வம்சாவளி வீரர்களை எடுப்பது தவறா?

தவறில்லை, அமெரிக்கக் கணிப்புகளில் காணும் தேர்வு விழுக்காட்டை மட்டும் அவர்கள் விஷயத்தில் நம்பாதீர்கள். அங்கே பத்துப் பேரில் ஒருவர் எடுப்பவரை நம் குழுவில் பாதிப் பேர் எடுப்பார்கள். 2024 ஏப்ரலில் பாட்டியா டெக்சாஸ் ஓப்பனை வென்றார். கடைசிக் குழியில் பேர்டி அடித்த மகிழ்ச்சியில் கையை ஓங்கியதில் தோள்பட்டை நழுவி, கட்டுப் போட்டுக்கொண்டுதான் சமநிலையை முறிக்கும் பிளேஆஃபில் இறங்கினார். அந்த வெற்றியால் மறுவாரமே மாஸ்டர்ஸில் இடம் கிடைத்தது. தோள் செய்தி எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் 16 பேரில் 11 பேர் அவரை எடுத்தோம், நானும் உட்பட. அவர் கட்டைத் தாண்டினார், முன்வரிசைக்கு வரவில்லை. அந்த வாரம் தட்டுவடை சாப்பிட்டவர், அவரை எடுக்காத ஐவரில் ஒருவர். பாசத்துக்காக எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல், ஏதோ கணக்குப் போட்டு எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததுதான் என் பிழை.

அதே வணிகர்: போன வாரம் பட்டிங்கில் (குழிக்கு அருகே பந்தை உருட்டி விடுவதில்) கலக்கியவரை இந்த வாரம் எடுக்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி வகுத்த, ஒரு வீரர் மற்றவர்களின் சராசரியைவிட எத்தனை அடி மிச்சம் பிடித்தார் என்று காட்டும் ‘ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்ட்’ கணக்கை, முதலில் பட்டிங்குக்காக, பிஜிஏ டூர் 2011இல் ஏற்றது. அந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்: பட்டிங் வாரத்துக்கு வாரம் ஊசலாடும், குழி இருக்கும் புல்தரையான கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஆட்டமும், ‘டீ’ என்னும் தொடக்க இடத்திலிருந்து அடிக்கும் ஆட்டமும் அவ்வளவு மாறுவதில்லை. கூட்டமோ போன ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் பார்த்து எடுக்கிறது. அப்ரோச்சில் சிறப்பாக ஆடியும் பட்டிங் கைவிட்டதால் கட்டைத் தவறவிட்டவர், மறுவாரம் ஆள் சீந்தாமல் கிடப்பார். நான் அதிகம் தேடுவது அவரைத்தான்.

ஏற்காடு விடுதி மேலாளர்: காற்று, மழை பார்த்து எடுப்பதுண்டா?

மலையில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் இது. காலையில் தெளிந்திருக்கும் ஏரி மாலையில் பனிமூட்டத்தில் மறைவதை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். கோல்ஃபில் வியாழன் காலை ஆடுபவர் வெள்ளி பிற்பகலிலும், வியாழன் பிற்பகலில் ஆடுபவர் வெள்ளி காலையிலும் ஆடுவார். நான்கில் ஒரு பொழுதில் பலத்த காற்று வீசினால், களத்தில் பாதிப் பேருக்கு மட்டும் அது தண்டனையாகிறது. முன்னறிவிப்பு புதன் இரவில் மாறும்போது, திங்கட்கிழமையே மனத்தில் அணி அமைத்துவிட்டவர்கள் மாற்றுவதில்லை. அந்த வாரங்களில் ஆறு பேரையும் ஒரே பக்கத்துத் தொடக்க நேரத்தில் எடுப்பேன். தப்பினால் ஆறும் தப்பும், விழுந்தால் ஆறும் விழும்.

சங்ககிரி வாசகர்: சம்பள வரம்பில் மிச்சம் வைக்கலாமா?

ஆயிரக்கணக்கானோர் சேரும் போட்டியில் தாராளமாக வைக்கலாம். 50,000ஐயும் ஒரு பைசா விடாமல் செலவிடும் பழக்கத்தால்தான் ஒரே அணி பலரிடம் இருக்கிறது. 300, 400 விட்டால் ஆட்டத்தரம் குறைவது மிகச் சொற்பம்.

ஆத்தூர் ஆசிரியை: கட் இல்லாத போட்டிகளில்?

30 பேர் மட்டும் ஆடும் டூர் சாம்பியன்ஷிப் அத்தகையது. எல்லோரும் நான்கு நாளும் ஆடுவதால் பாதுகாப்புக்கு மதிப்பே இல்லை. பேர்டி அடிப்பவரை மட்டும் பாருங்கள். வீரர்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவரின் தேர்வு விழுக்காடும் இயல்பாகவே உயர்ந்திருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

அஸ்தம்பட்டி வங்கி ஊழியர் மீண்டும்: அணியைப் புதன் இரவே முடித்துவிட்டு மறந்துவிடலாமா?

முதல் வீரர் ஆடத் தொடங்கியதும் அணி பூட்டப்படும். அதன்பின் யாராவது விலகினால் அந்த இடம் சுழியம்தான். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவில் காலை 8 மணி என்றால் நமக்கு மாலை 5.30, வங்கி வேலை முடியும் நேரம். அதற்கு அரைமணி முன்பு விலகல் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.