தோட்டத்தை அடகு வைக்கும் முன் ஒரு வார்த்தை

மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து கோவைக்கு என்னிடம் வந்திருந்தார்கள் அப்பா, அம்மா, மகள். மகளுக்கு நீட்டில் மதிப்பெண் எட்டவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங், அதுவும் சரிவராவிட்டால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்பது பெரியப்பாவின் யோசனை. அதற்காக ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை அடகு வைக்கத் தயார் என்றார் அப்பா. பயப்படாதீர்கள் என்று ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அப்புறம், வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். பச்சைத் தேயிலை விலை அவருக்குத் தெரியாததா? அதை நம்பி வாங்கும் கடனுக்குப் பெரியப்பா வட்டி கட்டப் போவதில்லை.

மருத்துவம் பற்றிக் கேட்டால் மகள் "ம்" என்பதோடு சரி. காடு பக்கம் பேச்சு திரும்பியதும் அவளே கேட்டாள்: "அவலாஞ்சியில் அவ்வளவு மழை கொட்டுகிறதே சார், சோலை மரங்கள் ஏன் குட்டை? கூடலூர்ப் பக்கம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது." 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது அவளுக்கு நினைவிருக்கிறது.

மழை மட்டும் போதாது. 2,000 மீட்டருக்கு மேலே குளிரில் வளர்ச்சி மெதுவாகிறது, காற்று உச்சிக் கிளைகளை ஒடிக்கிறது, மேட்டில் மண் ஆழமில்லை. திறந்த புல்வெளியில் முளைக்கும் கன்றை உறைபனி கருக்கிவிடுகிறது. அதனால்தான் சோலை என்னும் அந்த மலைக்காடு, மலையின் மடிப்புகளில், மண்ணும் ஈரமும் சேரும் இடமாகப் பார்த்து ஒதுங்கி நிற்கிறது. மழைமறைவில் இருக்கும் மசினகுடியில் கதை வேறு, அங்கே மரத்தைக் குட்டையாக்குவது வறட்சி. வேரிலிருந்து உச்சி இலைவரை தண்ணீர் ஒரே இழையாக ஏற வேண்டும். உயரம் கூடக் கூட இழுவை கூடும். மண்ணும் காற்றும் காய்ந்தால் நடுவில் காற்றுக் குமிழி விழுந்து இழை அறுந்துபோகும். "அப்படியானால் ஊட்டிக் குளிரில் யூகலிப்டஸ் மட்டும் எப்படி அவ்வளவு உயரம்?" என்று மடக்கினாள். அதன் பூர்வீகம் தென்கிழக்கு ஆஸ்திரேலியா, அங்கேயும் குளிர்தான். இனத்தின் சுபாவமும் கணக்கில் உண்டு.

இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு ஏற்ற கல்லூரியைத் தாண்டித்தான் அவர்கள் வந்திருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி. நான்கு வருட பி.எஸ்சி. வனவியல். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் கிடையாது. மரம் வளர்ப்பு, மண், காட்டை அளக்கும் கணக்கு, செயற்கைக்கோள் படம் எல்லாம் வரும். 2018 இறுதியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு நாசா அனுப்பிய ஜெடி (GEDI) கருவி, லேசர் ஒளி மர உச்சியிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நேர வித்தியாசத்தை வைத்துக் காட்டின் உயரத்தைக் கணிக்கிறது. ஆனால் செங்குத்துச் சரிவில் தரையின் எதிரொலி சிதறி, கணக்கு பிசகும். நீலகிரியில் பாதி இடம் சரிவுதானே! கோணமானியும் டேப்பும் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறி அளக்க ஆள் வேண்டும். மலையில் பிறந்தவளுக்கு அது பழகிய நடை.

வேலை? யூ.பி.எஸ்.சி.யின் இந்திய வனப் பணித் தேர்வு எழுதலாம், டி.என்.பி.எஸ்.சி. வழியாக வனச்சரகர் ஆகலாம், ஆராய்ச்சிக்கும் போகலாம். இடங்கள் குறைவு, போட்டி உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் தோற்றாலும் தோட்டம் கையில் இருக்கும்.

"பொம்பளப் பிள்ளை காட்டுக்குள்ளயா?" என்றார் அம்மா. சீருடை போட்ட பெண் வனச்சரகர்கள் இருக்கிறார்கள் என்றேன். மகள் அதற்குள் போனில் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தாள். முதலில் அதைப் போடுங்கள், பெரியப்பாவிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.