பி2 இருந்தும் பிரெஞ்சு விவாதம் பிடிபடவில்லை என்றால்

படிப்பை விட வேண்டாம். பிரெஞ்சில் பி2 (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிலை) தேர்ச்சி இருந்தும், லக்சம்பர்க் முதுகலை வகுப்பில் பேச்சு ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குத் தாவியதும் வாயடைத்துப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் கேளுங்கள், பதிலை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஆசிரியரிடம் மட்டும் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

காரணம் பெரும்பாலும் காதுதான். பி2 தேர்வில் வருவது தெளிவான ஒலிப்பதிவு. வகுப்பிலோ நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள். 'ழ ந செ பா' (எனக்குத் தெரியாது) என்று படித்தது 'ஷே பா' என்று சுருங்கிக் காதில் விழும். உள்ளூர் மாணவர்கள் எழுதப் படிக்கத் தொடங்கியதே பெரும்பாலும் ஜெர்மனில், அப்புறம்தான் பிரெஞ்சு. 1984 சட்டப்படி நாட்டின் சொந்த மொழியான லக்சம்பர்கிஷோடு சேர்த்து அங்கே நிர்வாக மொழிகள் மூன்று. அவர்களுக்கு மொழி மாறுவது மூச்சு விடுவது மாதிரி. உங்களுக்கு அது வராதது குறையே இல்லை.

இதைச் சோதித்துப் பாருங்கள்: இந்த வாரப் பிரெஞ்சுக் கட்டுரையில் ஒரு பக்கத்தை அகராதி இல்லாமல் படியுங்கள். புரிந்தால் சிக்கல் காதில்தான். தினமும் பிரெஞ்சு வானொலி உரையாடல் கேளுங்கள், செய்தி வாசிப்பு போதாது. படித்தும் புரியவில்லையா, துறைச் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். வகுப்பில் கிடைக்கும் சலுகை தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் தானாகப் பொருந்தாது. எந்த மொழியில் எழுதலாம் என்பதைப் பாடத்துக்குப் பாடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.