கேள்வி கேட்டால் அதே நாலு கைகள்தான் உயர்கின்றன. என்ன செய்யலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், 40 மாணவர்கள். எதைக் கேட்டாலும் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள். குழுவாகப் பிரித்தால் ஒரே இரைச்சல், பாடமும் முடிவதில்லை. என்ன வழி?

பதில்: குழு வேலையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஆசிரியர்கள் சுமார் 1 நொடிதான் பொறுத்தார்கள். அதை 3 நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள்.

அப்புறம், கை தூக்கும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள். இப்படி ஒரு கேள்வியைப் போடுங்கள்: காய்ந்த மரக்கட்டையின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? 1. மண், 2. நீர், 3. காற்று. எல்லோரும் யாரோடும் பேசாமல் நோட்டில் எண்ணை எழுதட்டும். பிறகு நெஞ்சருகே விரலால் காட்டட்டும். பலர் ஒற்றை விரல் காட்டுவார்கள்; சரியான விடை காற்று. விடையைச் சொல்லிவிட வாய் துடிக்கும், சொல்லாதீர்கள். "வேறு விடை எழுதியவரிடம் உன் காரணத்தைச் சொல்" என்று 2 நிமிடம் கொடுத்து, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் பயன்படுத்திய முறை இது. சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும்போதுதான் இந்தப் பேச்சு பலன் தரும். அதற்கும் குறைந்தால், "இலை எந்த வாயுவை உள்ளே எடுக்கிறது?" என்று ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டுப் பேசவிடுங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் குழுவின் அளவுதான். ஐந்து பேர் கூடினால் இருவர் வேலை செய்வார்கள், மூவர் கதை பேசுவார்கள். இருவர் இருவராகவே வையுங்கள். பாடம் முடியாதே என்ற கவலை நியாயமானது. ஒரு வகுப்புக்கு ஒரே கேள்வி போதும், குறிப்பு எழுதச் சொல்லும் நேரத்தில் 7 நிமிடம் குறைத்தால் சரி.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள். "பாடமே நடத்தவில்லை" என்று சில மாணவர்கள் சொல்வார்கள். ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், இப்படிக் கற்றவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

வாயே திறக்காத பிள்ளையிடம் "உன் விடை என்ன?" என்று கேட்க வேண்டாம். "பக்கத்தில் இருப்பவர் என்ன காரணம் சொன்னார்?" என்று கேளுங்கள். தவறாக இருந்தாலும் அது தன் தவறில்லை என்ற தைரியத்தில் பேசத் தொடங்கிவிடும்.