வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 44. கோவை சிங்காநல்லூரில் சொந்த வீடு இருக்கிறது, கடன் முடிந்துவிட்டது. சேமிப்பும் சீட்டுப் பணமும் சேர்த்துக் கையில் 26 லட்சம். சரவணம்பட்டியில் ஆறு வருடப் பழைய ஃபிளாட் ஒன்று 60 லட்சத்துக்கு வருகிறது. வாடகை 18,000 போகும். "மீதிக்கு லோன் போடுங்க மாப்பிள்ளை, வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும்" என்கிறார் மாமனார். "குடிவந்தவன் கிளம்பவே மாட்டான். ஜி.எஸ்.டி. குறைந்திருக்கும்போதே ஒரு காரை வாங்கி டிராவல்ஸில் விட்டுவிடுங்கள்" என்கிறார் மச்சினன். எங்கள் வீட்டில் கார் இல்லை. மகள் பத்தாவது படிக்கிறாள். எதைச் செய்யலாம்?

பதில்: உங்கள் மாமனாரின் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கைமாறும் ஃபிளாட் என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 5.40 லட்சம் போகும். ஆக 65.40 லட்சம். வங்கியில் 40 லட்சம் வாங்கினால் கையிலிருந்து 25.40 லட்சம் போக, மிச்சம் 60,000. புரோக்கருக்கு ஒரு சதவீதம் கொடுத்தால் அதுவும் காலி.

40 லட்சத்துக்கு 8 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் இ.எம்.ஐ. சுமார் 33,460. வாடகை வருடத்துக்கு 2.16 லட்சம். இதில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று 18,000-ஐயும், சொத்து வரி, பெயின்ட், பிளம்பர் வகையில் இன்னொரு 18,000-ஐயும் கழியுங்கள். இது தாராளக் கணக்கு இல்லை. நான் வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் குடியிருந்த குடும்பம் ரொம்ப நல்ல குடும்பம். காலி செய்து போன அன்று போய்ப் பார்த்தால் சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கிறது, ஹாலில் எண்ணிப் பதினேழு ஆணி. அட்வான்ஸில் பிடித்தது போக என் கையிலிருந்தும் போட்டேன். சண்டை போட மனம் வரவில்லை.

ஆக, நிகரமாக 1.80 லட்சம். போட்ட 65.40 லட்சத்துக்கு இது 3 சதவீதம்கூட இல்லை. இ.எம்.ஐ.யோ வருடத்துக்கு 4 லட்சம். மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். மாமனார் சொன்னதில் பாதி உண்மை. வாடகை பாதி இ.எம்.ஐ.யைத்தான் கட்டும்.

"வட்டிக்கு வரிச்சலுகை உண்டே" என்பார். வருமான வரியின் பழைய முறையில் வாடகை வருமானத்தைத் தாண்டிய வட்டியை வருடத்துக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அந்த வழி அடைத்தாயிற்று. வாடகை வருமானம் பூஜ்யமாகும் வரைதான் கழிவு. முதல் வருட வட்டியே சுமார் 3.17 லட்சம். அதில் பாதிக்கு மேல் எதற்கும் உதவாமல் போகும். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கம்பெனியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை ஏறாதா? ஏறலாம். ஆனால் ஃபிளாட்டில் ஏறுவது உங்கள் பங்கு நிலம்தான், கட்டடம் வருடா வருடம் பழசாகும். பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

மச்சினனின் பயம் வேறு வகை. பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு குடியிருப்பவருக்கே சொந்தம் என்று ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நீங்கள் அனுமதித்து, வாடகை வாங்கிக்கொண்டு இருக்கும் ஆளுக்கு அந்த உரிமை வராது. 11 மாத ஒப்பந்தமும் இந்தப் பயத்தில் பிறந்ததில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம், அந்தச் செலவைத் தவிர்க்க வந்த வழக்கம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு "கிளம்ப மாட்டேன் என்கிறான்" என்று அலைபவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அட்வான்ஸ் விஷயமும் அப்படியே. வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாதவரை மூன்று மாத வாடகைதான் வரம்பு. பத்து மாத அட்வான்ஸை வாங்கிச் செலவழித்துவிட்டு, காலி செய்யும் நாளில் திருப்பித் தர முடியாமல் முழிக்கும் வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

சரி, கார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கான வரி, செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்தது 18 ஆனது உண்மை. வரிக்கு முன் 6 லட்சம் விலையுள்ள காரில் 66,000 மிச்சம். ஆனால் ஐந்து வருடம் முடியும்போது இன்சூரன்ஸ்காரரே அந்த வண்டிக்குப் பாதி விலைதான் போடுவார். 66,000-ஐ மிச்சம் பிடிக்க மூன்று லட்சத்தை விடுவது எந்தக் கணக்கில் லாபம்?

டிராவல்ஸில் விடுவதானால் மஞ்சள் போர்டு, பர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, கமர்ஷியல் இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் வேண்டும். அது ஒரு தொழில். மச்சினன் மனதில் இருப்பது ஓன் போர்டு வண்டியை, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை, சத்தமில்லாமல் வாடகைக்கு ஓட்டுவது என்றால், உடனே மறந்துவிடுங்கள். வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அடிபட்டவருக்கான நஷ்ட ஈடு ஆர்.சி.யில் இருக்கும் உங்கள் தலையில் விடியும்.

என்னைக் கேட்டால் இப்போது ஃபிளாட் வேண்டாம். மூன்று வருடத்தில் மகள் கல்லூரி வாசலில் நிற்பாள். அப்போது ஃபிளாட்டின் ஒரு பெட்ரூமை மட்டும் விற்று ஃபீஸ் கட்ட முடியாது. கார் ஆசை இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு மூன்று, நான்கு வருடம் ஓடிய வண்டியை 5 லட்சத்துக்குள் ரொக்கமாக வாங்குங்கள். வீட்டில் அம்மா, அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு வண்டி இருப்பது தப்பில்லை, அதை முதலீடு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு மாதச் செலவும் மகளின் படிப்புப் பணமும் எஃப்.டி.யில் இருக்கட்டும். ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம், டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். இ.எம்.ஐ.க்குக் கையிலிருந்து போட இருந்த அந்த 18,000-ஐ மாதாமாதம் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) எஸ்.ஐ.பி. போடுங்கள்.

இதற்குப் பிறகும் மாமனார் விடவில்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் ஏழரை மணிக்கு அந்த அபார்ட்மென்ட்டுக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரியவில்லை என்று எண்ணுங்கள். அப்புறம் வாட்ச்மேனோடு ஒரு டீ குடித்து, தண்ணீர் லாரி வாரத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று கேளுங்கள்.