காரின் பாடியில் கரண்ட் விட்டால் தாக்க வருபவர்களைத் தடுக்க முடியுமா?

இரவில் ஹைவேயில் காரை மறித்துத் தாக்க வந்தால், வெளித்தகட்டில் கரண்ட் விட்டுத் தப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

எங்கள் தோட்டத்துக்குச் சோலார் வேலி போட்டபோது கூடவே நின்று வேலை பார்த்தேன். கம்பி கட்டியதைவிட எர்த் ராடு, அதாவது தரைக்குள் அடிக்கும் உலோகக் கம்பி, இறக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. கம்பியைத் தொட்டவரின் உடல் வழியாகத் தரையில் இறங்கும் கரண்ட், அந்த ராடு வழியாக, வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டிக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். டயர் மேல் நிற்கும் காருக்கு அப்படித் திரும்பும் வழி கிடையாது. பாடியில் 10,000 வோல்ட் ஏற்றினாலும் அதில் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவு, ஒரு ஜூல் (ஆற்றலின் அலகு) கூட இல்லை, அதில் சிறு பகுதிதான். சுள்ளென்று ஒருமுறை குத்தும், அவ்வளவுதான்.

சரி, ஸ்டன் கன் (ஷாக் கொடுக்கும் கைக்கருவி) மாதிரி இரண்டு உலோகப் பட்டைகளை அருகருகே ஒட்டினால்? அப்போது தரை தேவையில்லை, இரண்டையும் சேர்த்துத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும். எனக்குக் கவலையே அங்கேதான். கொள்ளையடிக்க வருபவன் கட்டையாலோ கல்லாலோ கண்ணாடியைத்தான் உடைப்பான். கையால் தொடுவது சிக்னலில் பூ விற்கும் அம்மா, பக்கத்து வீட்டுக் குழந்தை. வண்டி கவிழ்ந்து கிடந்தால், கதவைப் பிடித்து இழுத்து உங்களைக் காப்பாற்ற ஓடி வருபவர். பெட்ரோல் கசிந்திருந்தால் ஒரு பொறி போதும்.

இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். முறையான வேலிப் பெட்டி நொடிக்கு ஒருமுறைதான், அதுவும் கண நேரத் துடிப்பாகக் கரண்ட் விடும். விடாமல் பாயும் கரண்ட் ஆளைக் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துப்போயின. தாயை இழந்த இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்தன. அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. பீகாரில் ஒருவர், தன் கழிப்பறையை அக்கம்பக்கத்தார் பயன்படுத்தாமலிருக்க வழியில் கரண்ட் கம்பி கட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் அதில் பட்டு இறந்தார். அத்துமீறி நுழைந்தவர்தானே என்ற வாதத்தை 1963-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை; அவருடைய தண்டனையை உறுதி செய்தது.

அதற்குப் பதில், கதவுகளை லாக் செய்தே ஓட்டுங்கள். முன்னால் நிற்கும் வண்டியின் பின்டயர் தெரிகிற அளவு இடம் விட்டு நிறுத்தினால் ஸ்டியரிங்கை ஒடித்து வெளியேறலாம். கண்ணாடியில் முட்டை வீசினால் வைப்பர் போடாமல், இறங்காமல், வெளிச்சமும் ஆட்களும் உள்ள இடம்வரை மெதுவாகவாவது போய்விடுங்கள். அப்புறம் 112-ஐ அழையுங்கள்.