உயிரணுப் புரதங்களின் மீதுள்ள சர்க்கரை உயிரணுவின் நடத்தையை மாற்றுமா?

உறுதியாக மாற்றும். இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று நம் இரத்தத்தின் வெள்ளையணுக்களே.

உடலின் ஓரிடத்தில் தொற்று ஏற்பட்டால், அங்குள்ள இரத்தக்குழாயின் உட்சுவர் அணுக்கள் செலக்டின் என்னும் புரதங்களை வெளிப்படுத்துகின்றன. வேகமாக ஓடும் இரத்தத்தில் செல்லும் வெள்ளையணுவின் மேற்பரப்புப் புரதங்களில் சியாலிக் அமிலம், ஃபியூகோஸ் என்னும் இரு சர்க்கரை வகைகளையும் கொண்ட, சியாலில் லூயிஸ் எக்ஸ் எனப்படும் சிறு சர்க்கரை அமைப்பு இருக்கிறது. செலக்டின் அதைப் பற்றுவதும் விடுவதுமாக இருப்பதால் வெள்ளையணு வேகம் குறைந்து சுவரோரமாக உருள்கிறது. பிறகு இன்டெக்ரின் புரதங்களால் உறுதியாக ஒட்டி, சுவரைக் கடந்து தொற்றுள்ள திசுவுக்குள் நுழைகிறது.

அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, 1992-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஓர் அரிய பரம்பரை நோய் காட்டியது. புரதங்களில் சர்க்கரை சேர்க்கப்படும் இடமான கோல்கி என்னும் உயிரணு உறுப்புக்குள் ஃபியூகோஸைக் கொண்டுசெல்லும் புரதம், இந்நோயுள்ள குழந்தைகளிடம் பழுதுபட்டிருந்தது. அவர்களின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் மிகுதியாகவே இருந்தும், அவை குழாயைவிட்டு வெளியேற முடியாததால் தொற்றுகள் மீண்டும் மீண்டும் வந்தன. செலக்டின் பற்றவேண்டிய புரதத்தின் அமினோ அமில வரிசையில் குறையேதுமில்லை என்பதே இங்கு முக்கியம். சிவப்பணுக்களிலும் ஃபியூகோஸ் இல்லாததால், இவர்கள் மும்பையில் 1952-இல் கண்டறியப்பட்ட பாம்பே இரத்த வகை என்னும் மிக அரிய வகையையும் கொண்டிருந்தனர். சில நோயாளிகளுக்கு வாய்வழியாக ஃபியூகோஸ் கொடுத்தபோது தொற்றுகள் குறைந்தன.