ராயபுரம் நண்பருக்கு: முனகும் எஞ்சின்

தாத்தாவின் பழைய ஹார்ன்பி பொம்மை ரயில் எஞ்சின் முனகிச் சூடாகிறது, நகரவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் மோட்டார்வரை மின்சாரம் வருகிறது, எங்கோ இறுகியிருக்கிறது. முதலில் தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கன்ட்ரோலரை அணையுங்கள். மோட்டார் சுருள் கருகினால் செலவு பெரிதாகிவிடும். சக்கரத்தைக் கையால் திருகாதீர்கள், திருகு வடிவ வார்ம் கியராக இருந்தால் பல் போய்விடும். மேல்கூட்டைக் கழற்றி, மோட்டார் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், பெயின்ட்டில் பட வேண்டாம். மோட்டார் தண்டிலுள்ள செம்புத் துண்டுகளான கம்யூட்டேட்டரின் இடுக்கில் இருக்கும் கரியைப் பல்குச்சியால் எடுங்கள். அப்புறம் தாங்கிகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. கம்யூட்டேட்டரில் உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்ஷில் எண்ணெய் பட்டால் திரும்பவும் தகராறுதான். காந்தத்தை மட்டும் கழற்றாதீர்கள், அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த பழைய அல்நிகோ காந்தமென்றால் பலம் குறையும். கடல்காற்றில் தண்டவாளம் துருப்பிடித்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். பிடித்திருக்கலாம், ஆனால் இந்த முனகலுக்கு அது காரணமில்லை.